நாற்பத்தேழே முக்கால்

காதைக் கிழிக்கிற மாதிரி மணி அலறியது.

மீன் காட்சியகத்தின் வாசலில் வரிசையாக நின்ற அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. 'நாலு அடிக்குக் குறைவான பிள்ளைகளுக்கு அனுமதி இலவசம்' என்று எழுதியிருந்த குறுகலான வழியின் நடுவே, தண்ணீர் பாட்டிலைக் கட்டிப்பிடித்தபடி உறைந்து நின்றாள் பாப்பா. வழியின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பங்கள். அவற்றின் உச்சியில் பொட்டு வைத்தாற்போல் ஒரு சிவப்பு விளக்கு. கம்பத்தைவிட உயரமான தலை நடுவில் புகுந்தால் அது கத்தும். இப்போது கத்திக்கொண்டிருந்தது.

"ரிப்பன், சார். ரிப்பன்தான்" என்று முன்னால் பாய்ந்தார் அவள் அப்பா, டெய்லர் மாஸ்டர்.

காவலாளி கொட்டாவியை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினான். சத்தம் நின்றது. மாஸ்டர் மகளின் உச்சியில் இருந்த ரிப்பனை உருவிச் சட்டைப்பையில் திணித்தார். இரண்டு பின்னலையும் தட்டித் தாழ்த்தினார். அவளைப் பின்னால் இழுத்து, காதருகே ஏதோ சொல்லி, மறுபடி அனுப்பினார். மணி மறுபடி அலறியது. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"முட்டியைக் கொஞ்சம் தளர்த்திக்கோ, பாப்பா. இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், அப்படியே நட."

பத்து வயசுப் பிள்ளை, உட்காருவதா நிற்பதா என்று தெரியாதவள் போல், மடங்கிய கால்களோடு அந்தக் கம்பங்களைக் கடந்தாள். மணி சும்மா இருந்தது. மாஸ்டர் திரும்பி மனைவியைப் பார்த்து வெற்றிச் சிரிப்பு சிரித்தார்.

மனைவி காஜாக்கா சிரிக்கவில்லை. 

"நாலு அடிக்குக் கால் இஞ்ச் குறைவா இருக்கிற பிள்ளை இவ்வளவு குனியணுமா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

மெஷின் வைக்கிறவர்கள் எப்போதும் ஒன்றிரண்டு இஞ்ச் இறக்கித்தான் வைப்பார்கள், அப்போதுதானே அவர்களுக்கு டிக்கெட் விற்கும் என்று விளக்கம் சொன்னார் மாஸ்டர். பாப்பா நாற்பத்தேழே முக்கால் இஞ்ச். நாலு அடி என்றால் நாற்பத்தெட்டு. சட்டப்படி அவள் இலவசம். கம்பம் பொய் சொன்னால் அதற்கு நாமா பொறுப்பு?

 காஜாக்காவுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

நகரத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவு அவர்கள் ஊர். ரயில் நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை. முன்னறையில் மெஷின், பின்னறையில் குடும்பம். தொளதொள கால்சட்டையைப் பிடிப்பது, பிடித்த கோட்டைத் தளர்த்துவது, பல் போன ஜிப்பை மாற்றுவது, இப்படி ஆல்டரேஷன் வேலைதான் முக்கால்வாசி. 'மாஸ்டர் அளந்தா அரை நூல் பிசகாது' என்று தெருவே சொல்லும். ஒருமுறை ஒரு வக்கீல், வேறு கடையில் தைத்த கோட்டின் இடது கை குட்டையாக இருக்கிறது என்று கொண்டுவந்தார். மாஸ்டர் அளந்து பார்த்துவிட்டு, கோட்டில் குறை இல்லை, உங்கள் இடது கைதான் முக்கால் இஞ்ச் நீளம் என்று சொல்லியனுப்பினார். அந்தக் கதையை அவரே நூறு தடவை சொல்லியிருப்பார்.

மனைவிக்குப் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுப்பதும் ஓரம் மடித்துத் தைப்பதும் வேலை. அதனால் அவள் தெருவுக்கே காஜாக்கா.

பாப்பாவுக்கும் வெளியே ஒரு பெயர் இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவளை 'அரை டிக்கெட்' என்றுதான் கூப்பிட்டார்கள். வகுப்பிலேயே குட்டை என்பதற்காக மட்டும் வந்த பெயரல்ல அது. போன வருஷம் பள்ளியிலிருந்து பிள்ளைகளை இதே நகரத்துக்கு, ஆற்றங்கரையில் இருக்கிற கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போனார்கள். முன்னதாக ஒரு படிவம் வந்தது. பிள்ளையின் உயரம் என்ன என்று கேட்டிருந்தது. நாலு அடிக்குக் கீழே என்றால் சுற்றுலாக் கட்டணத்தில் பாதி. மாஸ்டர் 'நாற்பத்தேழு இஞ்ச்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, நாலு அடிக்குக் கீழே உள்ளவர்களை ராட்சத ராட்டினத்தில் ஏற்றமாட்டார்களாம். வகுப்பு முழுவதும் மேலே போய் ஊரையே பார்த்துக் கத்தியது. பாப்பா கீழே பெஞ்சில் உட்கார்ந்து, முப்பத்தொரு பைகளுக்குக் காவல் இருந்தாள்.

அன்றிலிருந்து அவள் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் சாப்பிட்டாள், தூங்கினாள், கதவின் மேல்சட்டத்தில் எம்பித் தொங்கினாள். நாற்பத்தெட்டு ஆகவேண்டும். நாற்பத்தெட்டு தொட்ட அன்றே முழு டிக்கெட் எடுத்து ராட்டினத்தில் ஏற்றுகிறேன் என்று அப்பாவும் வாக்குக் கொடுத்திருந்தார். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்த்த கையோடு கதவு நிலையில் முதுகை ஒட்டி நிற்பாள். மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பை உருவி, ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்து, அதன் முனையை முஷ்டிக்குள் பிடித்துத் தரையில் ஊன்றுவார். தலைக்கு மேலே பென்சிலால் கோடு விழும். கோட்டுக்குப் பக்கத்தில் எண்ணை எழுதுவார். நாற்பத்தேழே கால். நாற்பத்தேழரை. போன வாரம், நாற்பத்தேழே முக்கால்.

"கால் இஞ்ச்தான்ப்பா இருக்கு" என்று அன்று முழுவதும் பாப்பா பாடிக்கொண்டிருந்தாள்.

இன்றைய பயணத்துக்குக் காரணம் கூப்பன்கள். மீன் காட்சியகத்துக்கும் பூங்காவுக்கும் ஒரு டிக்கெட் வாங்கினால் ஒன்று இலவசம் என்று வாரப் பத்திரிகையில் வந்தவை. கோடு பிசகாமல் தன் பெரிய கத்தரிக்கோலால் வெட்டி வைத்திருந்தார் மாஸ்டர். இன்றோடு கெடு முடிகிறது. துணி வெட்டும் பழுப்புத் தாளின் பின்பக்கத்தில் நாள் முழுவதற்குமான திட்டத்தை வரைந்திருந்தார். எந்த இடத்தில் எந்த நேரத்தில் இலவசம், எங்கே குடிதண்ணீர்க் குழாய், எங்கே கழிப்பறைக்குக் காசு கேட்கமாட்டார்கள் என்பதுவரை அதில் இருந்தது.

மீன்களைப் பார்த்து முடித்ததும், பத்து மணிக்கு அருங்காட்சியகம். பத்திலிருந்து பதினொன்று வரை இலவசம். பதினொன்று அடித்தால் உள்ளே இருப்பவர்களையும் டிக்கெட் கேட்பார்கள். அதனால் மாஸ்டர் குடும்பத்தை ஓட்டமும் நடையுமாக இழுத்துக்கொண்டு போனார். ஒரு கூடத்தில் பெரிய விலங்கின் எலும்புக்கூடு, அடுத்த கூடத்தில் ராஜாக்களின் வாள்கள், அதற்கடுத்து யாரோ உடுத்திய பட்டு அங்கி. அங்கியின் முன்னால் மட்டும் காஜாக்கா நின்றாள். கழுத்தோரம் கையால் தைத்தது. முந்நூறு வருஷமாகியும் ஒரு தையல்கூட விட்டுப்போகவில்லை. கண்ணாடிக்குள் மூக்கை நுழைக்காத குறையாகப் பார்த்தாள்.

"வா, வா. இன்னும் ரெண்டு மாடி இருக்கு" என்று முழங்கையைப் பிடித்து இழுத்தார் மாஸ்டர்.

"எல்லாத்தையும் பார்க்கணும்னுதானே வந்தோம்?"

"பார்த்தாச்சுல்ல. பார்த்ததையே எத்தனை தரம் பார்ப்பே?"

அடுத்தது கோபுரம். நகரத்துக்கே நடுவில் ஊசி மாதிரி நிற்கிற கோபுரம். அதன் உச்சிக்குப் போக லிஃப்ட் உண்டு, கட்டணமும் உண்டு, கூப்பன் இல்லை. மாஸ்டர் அவர்களைக் கோபுரத்துக்கு எதிரே இருந்த கடைக்கட்டடத்தின் எட்டாவது மாடிக்குக் கூட்டிப்போனார். அது கார் நிறுத்தும் மாடி. எண்ணெய்ப் பிசுக்குத் தரையில், இரண்டு கார்களுக்கு நடுவே நின்று, கோபுரம் எவ்வளவு அழகாகத் தெரிகிறது பார் என்றார். கோபுரத்தின் மேலே நின்றால் கோபுரம் தெரியாது, இங்கே நின்றால்தான் தெரியும் என்று ஒரு நியாயமும் சொன்னார்.

பாப்பா கோபுரத்தைப் பார்க்கவில்லை. கைப்பிடிச் சுவரின் மேல் எம்பி, ஆற்றுப் பக்கம் கையை நீட்டினாள். அங்கே தூரத்தில், வீடுகளின் கூரைகளுக்கு மேலே, ராட்டினத்தின் வளைவு தெரிந்தது. மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா, அதோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

 அந்த ஒரு சொல்லையும் காஜாக்கா தனக்குள் கோபமாக மாற்றிக்கொண்டாள். கோபம்தான் அவளுக்குச் சுலபமாக வரும்.

மதியம் பூந்தோட்டத்தின் புல்தரையில் உட்கார்ந்து, கொண்டுவந்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் பிரித்தார்கள். மாஸ்டர் பாட்டில்களை எடுத்துக்கொண்டு குழாயைத் தேடிப் போனார். பாப்பா நொண்டுவதைக் காலையிலிருந்தே கவனித்துக்கொண்டிருந்தாள் காஜாக்கா. ஷூவைக் கழற்று, கால் வீங்கியிருக்கிறதா பார்க்கலாம் என்றாள். வேண்டாம் என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டாள் பாப்பா. அம்மா விடவில்லை. ஷூவை இழுத்ததும் உள்ளேயிருந்து ஒன்று நழுவிப் புல்லில் விழுந்தது.

துணி வெட்டும் பழுப்புத் தாள். பாப்பாவின் பாத வடிவத்தில் வெட்டி, அடுக்கடுக்காக வைத்து, பிரியாமல் இருக்க நாலு பக்கமும் ஓடுதையல் போட்டிருந்தது. தையல் கோணலாக இருந்தது. ஆனால் கெட்டியாக இருந்தது. எண்ணிப் பார்க்காமலே காஜாக்காவுக்குத் தெரிந்தது, கால் இஞ்ச் கனம்.

"அப்பாகிட்ட சொல்லிடாதம்மா" என்றாள் பாப்பா. கண் நிறைந்துவிட்டது. "கால் இஞ்ச்தானே குறையுது. ராட்டினத்துக்கிட்ட அளக்கும்போது மட்டும் போட்டுக்கலாம்னு நினைச்சேன். காலையில மறந்து போட்டுட்டு வந்துட்டேன். அதனாலதான் மணி அடிச்சுது. என்னாலதான்."

காஜாக்கா அந்தத் தாள் அடுக்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்த நேரத்தில் தைத்தாள் இதை? யாருக்கும் தெரியாமல் எந்த மூலையில் உட்கார்ந்து? விரலில் எத்தனை தரம் ஊசி குத்தியிருக்கும்? நாள் முழுவதும் புருஷன் மேல் இருந்த எரிச்சல் இப்போது வேறு ஒன்றாக மாறியது. ஒரு பக்கம் அப்பா குனி என்கிறார். இன்னொரு பக்கம் பிள்ளை காலுக்கடியில் தாள் வைத்து உயர்கிறது. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிஞ்சுக் கால் நொண்டுகிறது.

"போட்டுக்கோ" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "யார் கேட்டாலும் நான் பேசிக்கிறேன்."

மாஸ்டர் தண்ணீரோடு வந்தார். குழாயில் ஐஸ் மாதிரித் தண்ணீர், கடையில் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்று ஆரம்பித்தார். காஜாக்கா பாட்டிலை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

நாலு மணிக்குப் பூங்கா வாசல். உள்ளே இசை அதிர்ந்துகொண்டிருந்தது. இங்கே கம்பமும் மணியும் இல்லை. கண்ணாடி போட்ட ஒரு அம்மா, பிள்ளைகள் வழியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுவரில் நாலு அடி உயரத்தில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குக் கையில் பச்சைப் பட்டை, இலவசம். கோட்டைத் தாண்டினால் நீலப் பட்டை, முழு டிக்கெட்.

"இவளுக்கு முழு டிக்கெட் எடுங்க" என்றாள் காஜாக்கா.

மாஸ்டர் அவளைப் பைத்தியத்தைப் பார்ப்பது போல் பார்த்தார். பாப்பா நாற்பத்தேழே முக்கால் என்பது தெரியாதா? கால் இஞ்ச் குறைவான பிள்ளைக்கு எவனாவது வலியப் போய்க் காசு கட்டுவானா? நாம் யாரையும் ஏமாற்றவில்லை, அவர்கள் போட்ட சட்டத்தைத்தான் மதிக்கிறோம் என்றார்.

"சட்டத்தை மதிக்கிறவர் எதுக்குப் பிள்ளையை முட்டி மடக்கச் சொல்றீங்க?"

"ஷூ இருக்கு, முடி இருக்கு. அதுங்களுக்கும் சேர்த்தா டிக்கெட் எடுக்க முடியும்?"

"அப்ப ஷூவைக் கழட்டிட்டு நேரா நிக்கச் சொல்லுங்க."

மாஸ்டர் மகளின் ஷூவை ஒரு நொடி பார்த்தார். பிறகு, பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் பார், சந்தி சிரிக்க வைக்காதே என்று அடிக்குரலில் சீறினார். பாப்பாவின் தோளைப் பிடித்து மஞ்சள் கோட்டுக்கு முன்னால் நிறுத்தினார். அவர் கை தோளிலேயே இருந்தது. பார்ப்பவர்களுக்குப் பாசம் மாதிரித்தான் தெரியும். அந்தக் கை அவளைக் கீழே அழுத்துவதைக் காஜாக்கா பார்த்தாள். கண்ணாடிக்கார அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பச்சைப் பட்டையைச் சுற்றிவிட்டாள்.

உள்ளே வந்ததும் ராட்டினத்தின் அடியில் போய் நின்றார்கள். கீழிருந்து பார்த்தால் அது வானத்தை மறைத்தது. தொட்டில் மாதிரி இருந்த ஒவ்வொரு கூண்டிலும் நாலு பேர். மேலே போனவர்களின் கூச்சல் துண்டு துண்டாகக் கீழே விழுந்தது. ஏறும் இடத்தில், கழுத்தில் விசில் தொங்க ஒரு பெண் நின்றிருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். வெயிலில் காய்ந்த முகம், குரல் கம்மியிருந்தது. கையில் அளவு எழுதிய நீளமான கோல்.

பாப்பா வரிசையில் போய் நின்றாள். முதுகை நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, மூச்சை இழுத்து வைத்துக்கொண்டு நின்றாள். முறை வந்தது. விசில்காரி அவள் தலையைப் பார்க்கவில்லை. மணிக்கட்டைப் பார்த்தாள்.

"பச்சைப் பட்டை ஏற முடியாது, பாப்பா. நகர்ந்துக்கோ."

"அக்கா, ஒரு தடவை அளந்து பாருங்க..."

"பச்சைன்னா வாசல்லயே அளந்தாச்சுன்னு அர்த்தம். அந்தப் பக்கம் குதிரை ராட்டினம் இருக்கு, அதுல போய் ஏறிக்கோ."

பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். குதிரை ராட்டினத்தில் மூன்று வயசுக் குழந்தைகள் மரக்குதிரைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன.

பாப்பா வரிசையை விட்டு வெளியே வந்தாள். அழவில்லை. அங்கே ஒரு பெஞ்ச் இருந்தது. நேராகப் போய் அதில் உட்கார்ந்தாள். போன வருஷம் பைகளோடு உட்கார்ந்த அதே பெஞ்ச். பழகிய இடம் போல் ஓரமாக நகர்ந்து, பக்கத்தில் பைகள் வைக்க இடம் விட்டு உட்கார்ந்தாள்.

மாஸ்டர் அவள் தலையைத் தடவினார். இன்னும் கால் இஞ்ச்தான், அடுத்த தடவை கண்டிப்பாக என்றார்.

காஜாக்காவுக்கு அந்த இடத்தில் பொறுமை அறுந்தது.

"அடுத்த தடவையா? எந்த அடுத்த தடவை? எந்தப் பத்திரிகையில கூப்பன் வரும்போது?" குரல் உயர்ந்தது. சுற்றிலும் ஆட்கள் திரும்பினார்கள், அவள் கவலைப்படவில்லை. "டிக்கெட் எடுக்கிற இடத்துல பிள்ளை குட்டையா இருக்கணும். பாவாடை தைக்கிற இடத்துல மட்டும் வளர்ற பிள்ளை, வளர்ற பிள்ளைன்னு அஞ்சு இஞ்ச் மடிச்சு விடணும். மாஸ்டர், நீங்களே ஒண்ணு முடிவு பண்ணுங்க. உங்க பொண்ணு வளரணுமா, வேண்டாமா?"

"சும்மா கத்தாதடி. வளர்ந்தா நான் வேண்டாம்னா சொல்றேன்? அவ வளரல, நான் என்ன பண்ண?"

"வளராமயா இந்த வருஷம் ரெண்டு தரம் அவ பாவாடை ஓரத்தைப் பிரிச்சு இறக்கினேன்?"

"அது துணி சுருங்கினது."

"நான் ரெண்டு நாள் தண்ணியில ஊறப்போட்டுக் காயவச்சு, அப்புறம் வெட்டின துணிங்க அது. அது எப்படி..."

பாதியில் நின்றாள். வாயிலிருந்து வந்த சொல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. அது எப்படிச் சுருங்கும்? ஓரம் பிரித்தவள் அவள். முதல் தரம் முக்கால் இஞ்ச், இரண்டாம் தரமும் முக்கால் இஞ்ச், அவள் கையாலேயே இறக்கினாள். சுருங்கிவிட்டது என்று அவர் சொன்னதும், ஆமாம் போல என்று நூலைக் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். துணியோடு இருபது வருஷம் பழகிய கை, அதை எப்படி நம்பியது?

புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவர் ராட்டினத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காஜாக்கா வேறு பேச்சுப் பேசவில்லை. பெஞ்சிலிருந்து மகளை எழுப்பி, கையைப் பிடித்து, வரிசையைத் தாண்டி நேராக விசில்காரியிடம் போனாள். எம்மா, இந்தப் பிள்ளையை ஒரே ஒரு தரம் அளந்து சொல், உயரம் இல்லையென்றால் நாங்கள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம் என்றாள். விசில்காரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காஜாக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, ஷூவைக் கழற்றச் சொல்லுங்க என்றாள்.

பாப்பா தயங்கித் தயங்கிக் குனிந்தாள். ஷூவைக் கழற்றியதும் தாள் அடுக்குகள் இரண்டும் வெளியே வந்து விழுந்தன. விசில்காரி ஒன்றைக் குனிந்து எடுத்தாள். கோணல் தையலைப் பார்த்தாள்.

"நீயே தைச்சியா?"

பாப்பா தலையசைத்தாள்.

"இந்த வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. குதிகால் வச்சு வந்தவங்களைப் பார்த்திருக்கேன், தொப்பிக்குள்ள துணி வச்சு வந்தவங்களைப் பார்த்திருக்கேன். தையல் போட்டு வந்தவ நீ ஒருத்திதான்" என்றாள் விசில்காரி. திட்டுவது போலத்தான் சொன்னாள், ஆனால் தாளைத் தூக்கி எறியாமல் பத்திரமாக மேடையில் வைத்தாள். "வெறுங்காலோட நில்லு. குதிகாலை ஒட்டு. நேரா பாரு."

கோலைத் தரையில் ஊன்றினாள். தலைமேல் குறுக்குக் கட்டையை இறக்கினாள். குனிந்து எண்ணைப் படித்தாள். சந்தேகம் வந்து, கட்டையைத் தூக்கி மறுபடி இறக்கினாள்.

"நாற்பத்தொன்பதரை" என்றாள். "தாராளமா ஏறலாம். இதுக்கு எதுக்குத் தாள்? எதுக்குப் பச்சைப் பட்டை?"

 பாப்பா துள்ளிக் குதிப்பாள் என்று காஜாக்கா நினைத்தாள். பாப்பா குதிக்கவில்லை. கட்டைக்குக் கீழேயிருந்து வெளியே வந்து, கோலை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் சுருங்கியது.

"அக்கா, உங்க கோல் தப்பு" என்றாள்.

"என்னது?"

"கோல், மெஷின் எல்லாம் ஒண்ணு ரெண்டு இஞ்ச் மாத்தித்தான் வச்சிருப்பாங்களாம். எங்கப்பா சொன்னாரு. எங்கப்பா டெய்லர். அவர் அளந்தா அரை நூல்கூடப் பிசகாது, எங்க தெருவுல யாரை வேணாலும் கேளுங்க. நான் நாற்பத்தேழே முக்கால்தான்." குரல் உடைந்தது. ஆனாலும் விடவில்லை. "பொய் சொல்லி ஏறிட்டு நான் மேலேருந்து விழுந்துட்டா உங்களைத்தானே திட்டுவாங்க?"

விசில்காரி கோலைப் பார்த்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்தாள். வரிசையில் இப்போது யாரும் சிரிக்கவில்லை.

பாப்பா திரும்பி அப்பாவைத் தேடினாள். அவர் நாலு அடி தள்ளி நின்றிருந்தார்.

"அப்பா, டேப் இருக்குல்ல? அளந்து காட்டுங்கப்பா."

மாஸ்டரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. காலையில் திணித்த ரிப்பனும் டேப்பும் சிக்கிக்கொண்டு ஒன்றாக வெளியே வந்தன. ரிப்பனைப் பிரித்தெடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. மகளின் முன்னால் வந்து ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்தார். பாப்பா கதவு நிலையில் நிற்பது போலவே, விசில்காரியின் கோலில் முதுகை ஒட்டி விறைப்பாக நின்றாள். மாஸ்டர் டேப்பின் முனையை முஷ்டிக்குள் பிடித்துத் தரையில் ஊன்றினார்.

காஜாக்கா அந்த முஷ்டியைப் பார்த்தாள். கடைக்கு வருகிற எந்த வாடிக்கையாளருக்கும் அவர் அப்படிப் பிடித்து அவள் பார்த்ததில்லை. பித்தளை பதித்த டேப் முனையைக் கட்டைவிரல் நகத்தின் நுனியில் வைத்து, நகம் தரையில் படும்படி பிடிப்பதுதான் அவர் வழக்கம். இங்கே முனை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. தரையைத் தொடாமல் முஷ்டிக்குள் எவ்வளவு உயரத்தில் வேண்டுமானாலும் அது நின்றிருக்கலாம். ஒன்றே முக்கால் இஞ்ச் உயரத்தில் நின்றிருக்கலாம்.

"கையைத் திறங்க" என்றாள்.

மாஸ்டர் திறக்கவில்லை. தலையும் நிமிரவில்லை. மேலே ராட்டினம் ஒரு சுற்று முடிந்து நின்றது. கூண்டுகள் ஆடின. யாரோ சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார்கள்.

"எவ்வளவுப்பா?" என்றாள் பாப்பா, நேராகப் பார்த்தபடியே. "அக்காகிட்ட சொல்லுங்க."

முஷ்டி மெல்லத் தளர்ந்தது. டேப் விரல்களுக்கு நடுவிலிருந்து நழுவித் தரையில் சுருண்டது. மாஸ்டர் மகளின் வெறும் பாதங்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"அக்கா கோல் சரிதான், பாப்பா. போன வருஷம் நீ கீழே உட்கார்ந்து பை பார்த்துக்கிட்டே பாரு... அன்னிக்கே நீ நாற்பத்தெட்டைத் தாண்டியிருந்தே."